உடையாத ரொட்டி

போன் அலறியது.

ஒரு தடவை... இரண்டு தடவை... ஏழு தடவை!

உணவுப் பரிசோதனை லேபில் அதை எடுக்க வேண்டியவள் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு மாவுப் பாக்கெட்டின் சீலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது அலறலில் எரிச்சலோடு கையுறையை உருவி எறிந்துவிட்டு எடுத்தாள்.

"ஹலோ!"

"பூதக்கண்ணாடியா?"

அது அவளுடைய பட்டப்பெயர். கடைக்குப் போனால் கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுப்பாள். பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் எறும்பு சைசில் அச்சடித்திருப்பதை வரி விடாமல் படிப்பாள். பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். கொட்டிவிட்டுப் போகட்டும் என்று அடுத்த பாக்கெட்டை எடுப்பாள்.

"ஆமா. யாரு பேசறது?"

"உன் பொண்ணு இன்னிக்கு ஸ்கூலுக்குப் போகல."

"என்ன உளர்றீங்க? எட்டரைக்கு நானே தெருமுனைல பஸ் ஏத்த..."

நிறுத்தினாள்.

ஏற்றவில்லையே! பஸ் தாமதம் என்று, "நீ போம்மா... நான் ஏறிக்கறேன்" என்று மகள்தானே அவளை விரட்டிவிட்டாள்...!



"என் வாண்டு எங்க? அவளை என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணல. பண்ண வைக்காத. உன் மேஜைல மூணு பாக்கெட் மாவு இருக்குல்ல? 'கோதுமை கலக்காதது'ன்னு போட்டது?"

"இ... இருக்கு."

"அதுல கோதுமை இருக்குன்னு ரிப்போர்ட் எழுதி வச்சிருக்க. 'சுத்தமான மாவு'ன்னு மாத்து. ரெண்டு மணிக்குள்ள மேலிடத்துக்கு அனுப்பு. மூணு பாக்கெட்டையும் சீல் நம்பர் தெரியற மாதிரி காட்டி, பிரிச்சு, தொட்டில கழுவி ஊத்து. வீடியோ எடுத்து இந்த நம்பருக்கு அனுப்பு. போலீஸுக்குப் போனே..."

"போக மாட்டேன்! அவகிட்ட ஒரு வார்த்தை..."

டொக்!

போக மாட்டேன் என்று சொன்னவள், பத்தாவது நிமிடம் போலீஸுக்குப் போன் பண்ணினாள். புருஷன் கப்பலில் என்ஜினியர். கரை தட்ட இன்னும் மூன்று வாரம். வேறு யாரிடம் போவாள்?

இன்ஸ்பெக்டர் மப்டியில் வந்தார். வாசலிலேயே ஒரு வெள்ளை லேப் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். தொப்பை மேல் பட்டன் போட வரவில்லை. கூட வந்த ஏட்டம்மா, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு அவளுடைய போன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேடம், பதறாதீங்க. பொண்ணுக்கு வயசென்ன?"

"ஒம்பது. சார்... அவளுக்கு சீலியாக்!"

"அப்படின்னா?"

"கோதுமை, பார்லி... இதுல எல்லாம் குளூட்டன்னு ஒரு பசை இருக்கு. அவ உடம்புக்கு அது ஆகாது. குடலையே அரிச்சுடும். ஒரு துணுக்கு போதும் சார்... மூணு நாள் வாந்தி, வயித்துப்போக்கு. போன தடவை ஒரு சாக்லேட்! வெறும் சாக்லேட்டுன்னு நினைச்சுட்டேன். உள்ள பொரி மாதிரி என்னமோ... ஆறு நாள் டிரிப்ஸ் ஏத்தினாங்க."

"ரொட்டி, பிஸ்கட் தரலேன்னாப் போதுமே?"

அவள் அந்த நிலையிலும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"சூப்ல இருக்கும் சார். சாஸ்ல இருக்கும். கட்டிப்படாம இருக்க மசாலாப் பொடில மாவு தூவுவான். கோதுமைப் பண்டம் பொரிச்ச எண்ணெய்ல உருளைக்கிழங்கு பொரிச்சா அதுலயும் வந்துடும். காய்ச்சல் மாத்திரையக்கூட நான் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டுத்தான் குடுப்பேன்."

"அடேங்கப்பா! உங்க வீட்டுக்கு யாராவது விருந்துக்கு வருவாங்களா?"

"ஒரு தடவை வருவாங்க."

ஏட்டம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த மாவு யாரோடது?" இன்ஸ்பெக்டர் பாக்கெட்டைத் தூக்கினார்.

"இங்கேருந்து அரைமணி தூரத்துல ஒரு மில் இருக்கு. சீலியாக்காரங்களுக்குன்னே போடற மாவு. நாலஞ்சு பேர் 'சாப்பிட்டும் வயிறு சரியாகலே'ன்னு புகார் குடுத்தாங்க. சாம்பிள் எடுத்தோம். ஒண்ணைப் பிரிச்சுப் பாத்தாச்சு, கோர்ட்டுக்குன்னு மீதி இருக்கறது இந்த மூணுதான். நூத்துக்கு முப்பது பங்கு கோதுமை சார்!"

"அப்ப நேரா போய் மில் முதலாளியைத் தூக்கறேன்."

"தூக்கினா என் பொண்ணு?"

அவர் தூக்கிய காலைக் கீழே வைத்தார்.

பதினொன்றேகால்.

போன்!

"பூதக்கண்ணாடி... உன் பொண்ணு எதையும் தொட மாட்டேங்குது! காலைலேர்ந்து பச்சைத்தண்ணிதான். நீ ஓகே சொன்னாத்தான் சாப்பிடுமாம்!"

அவளுக்கு அழுகையும் பெருமையும் ஒன்றாக வந்தன.

"அப்படித்தான் பழக்கியிருக்கேன். என்ன வாங்கினீங்க?"

"சிப்ஸ் பாக்கெட்."

"பின்னால படிங்க."

"உருளைக்கிழங்கு... எண்ணெய்... உப்பு... சர்க்கரை... மிளகாய்... மால்ட் வினிகர்..."

குரல் நின்றது.

"ச்சே! மால்ட்டு. இது வேணாம்."

"பழம் குடுங்க. தோல் உரிச்சு..."

டொக்!

"டவர் கிடைச்சுதா?" இன்ஸ்பெக்டர் ஏட்டம்மாவிடம் பாய்ந்தார்.

"தொழிற்பேட்டைப் பக்கம் சார். அங்க மூவாயிரம் வீடு இருக்கும். பேசி முடிச்சதும் அணைச்சுடறான்."

பூதக்கண்ணாடி போனையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"சார்... அவன் ஏன் நிறுத்தினான்?"

"எதை?"

"மால்ட்டுன்னு படிச்சதும் அவனே வேணாம்னுட்டான். நான் ஒண்ணுமே சொல்லல. மால்ட்டுன்னா பார்லின்னு நீங்க கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"சத்தியமா இல்ல."

"நூத்துல தொண்ணூத்தொம்பது பேருக்குத் தெரியாது. இவனுக்குத் தெரிஞ்சிருக்கு!"

"கடத்தல்காரனுக்கு மில்காரன் பாடம் எடுத்திருப்பான்."

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அடுத்த தடவை சோதிச்சுப் பாத்துடறேன்."

"எப்படி?"

அவள் நினைத்திருந்தது எந்த அம்மாவும் செய்யத் துணியாத காரியம்!

பன்னிரண்டு நாற்பது. போன்.

"பழம் ரெண்டு சாப்பிட்டுச்சு. பத்தல போல. வெறும் சோறு வடிச்சிருக்கேன். அதுக்குத் தொட்டுக்க என்ன?"

"கடைல சோயா சாஸ் விக்கும். வாங்கி ரெண்டு ஸ்பூன் சோத்துல ஊத்திக் குடுங்க. அவளுக்குப் பிடிக்கும்."

சொல்லிக்கொண்டே ஒரு காகிதத்தில் கிறுக்கி இன்ஸ்பெக்டர் முன்னால் தள்ளினாள்.

'பொய். அதில் கோதுமை இருக்கிறது.'

இன்ஸ்பெக்டரின் கண்கள் பிதுங்கின. 'என்னம்மா பண்றீங்க!' என்று வாயசைத்தார்.

போனில் மூச்சுச் சத்தம் மட்டும்.

ஒரு விநாடி... மூன்று விநாடி... சரி என்று சொல்லிவிட்டால்? அம்மாவே சொன்னாள் என்றதும் வாண்டு மறுபேச்சில்லாமல் தின்றுவிடுவாளே! பூதக்கண்ணாடியின் நகங்கள் உள்ளங்கையைக் கிழித்தன.

"ஏம்மா... உனக்கு அறிவிருக்கா?" குரல் வெடித்தது. "சோயா சாஸ்ல கோதுமை போட்டுத்தான புளிக்க வைக்கறான்! பெத்தவதானா நீ? அதைப் போய்க் குடுக்கச் சொல்றே?"

"உங்க வீட்ல யாருக்கு?" என்றாள் சட்டென்று.

"எ... என்ன?"

"சீலியாக் உங்க வீட்ல யாருக்கு?"

டொக்!

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இருபது வருஷ சர்வீஸ். கடத்தல்காரன் அம்மாவைத் திட்டிப் பாத்ததில்ல!"

"பாடம் படிச்சவன் இல்ல சார் அவன். பட்டவன். அவன் வீட்லயும் ஒரு பிள்ளை இருக்கு. என்னை மாதிரியே கடை கடையா நின்னு பாக்கெட்டைத் திருப்பிப் பாத்திருக்கான்."

"ஏட்டம்மா! ஊர்ல இந்த வியாதிக்குப் பாக்கற டாக்டருங்க லிஸ்ட்டு, பேஷண்ட்டுங்க லிஸ்ட்டு, மில்லுல வேலை பாக்கறவங்க லிஸ்ட்டு! மூணும் வேணும்!"

"சார், ஆஸ்பத்திரில பேஷண்ட் பேரைச் சும்மா தர மாட்டாங்க. லெட்டர் கேப்பாங்க. சாயங்காலம் ஆயிடும்."

கடிகாரம் ஒன்றேகாலைத் தாண்டியது.

"மேடம்... வேற மாவைக் கொட்டி வீடியோ எடுத்தா?"

"சீல் நம்பரைக் காட்டச் சொல்லியிருக்கான். அது அவங்ககிட்டயும் இருக்கு. சாம்பிள் எடுக்கறப்போ நாங்களே எழுதிக் குடுத்ததுதான்."

அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். 'கோதுமைக் கலப்பு உள்ளது' என்ற வரியை அழித்தாள். 'கலப்பு இல்லை' என்று அடித்தாள். பதினான்கு வருட வேலையில் அவள் எழுதிய முதல் பொய் ரிப்போர்ட். அனுப்பியாயிற்று.

பிறகு தொட்டி. ஏட்டம்மா வீடியோ எடுத்தாள். மூன்று சீல்களும் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. குழாயடியில் மாவு குழம்பாகி, சுழன்று, ஓட்டைக்குள் போயிற்று.

"எத்தனை வீட்டுப் பிள்ளைங்க இந்த மாவுல சுட்டதைத் தின்னுட்டு வயித்தைப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கோ... நான் என் பொண்ணை மட்டும் பாத்துட்டேன் சார்!" உடைந்து அழுதாள்.

"பொண்ணு முதல்ல வரட்டும்மா. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

இரண்டரை.

போன்!

"வீடியோ பாத்தேன். முதலா... மேல சொல்லிட்டேன். நாலு மணிக்குப் பொண்ணை விட்டுடறேன். நான் ஒண்ணும் கெட்டவன் இல்லம்மா. அதுக்காக ரொட்டிகூட சுட்டு வச்சிருக்கேன். புதுத் தட்டு, புதுக் கரண்டி. ஆனா சாப்பிட மாட்டேங்குது! நீயே சொல்லு."

"அம்மா!"

வாண்டுவின் குரல்! அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு! அடிச்சாங்களாடா?"

"இல்லம்மா. அங்கிள் டி.வி. போட்டாரு. அம்மா... இந்த ரொட்டி கோதுமை இல்லாததுன்னு சொல்றாரு. ஆனா நாலா மடிச்சுப் பாத்தேன். உடையவே இல்லம்மா! நம்ம வீட்டு ரொட்டி தொட்டாலே அப்பளம் மாதிரி நொறுங்குமே! அதான் சாப்பிடல."

"சாப்பிடாத! கீழ வை! கையைக் கழுவு!"

அந்தக் கத்தலில் இன்ஸ்பெக்டரே எழுந்து நின்றுவிட்டார்.

"ஏன் கத்தறே?" குரல் மறுபடி வந்தது. "என்ன இப்ப? இது கோதுமை கலக்காத மாவு! எங்க மில்லு மாவு! என் பையன் மூணு வருஷமா இதைத்தான் சாப்பிடறான்! முதலாளி மாசா மாசம் அவர் கையாலயே குடுத்து..."

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். ஆனால் இந்தத் தடவை டொக் கேட்கவில்லை.

பூதக்கண்ணாடி குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க பையன் இப்ப எங்க இருக்கான்?"

"...ஆஸ்பத்திரில. அவன் அம்மா கூட இருக்கா."

"மூணு வருஷமா கோதுமையே தொடல. அப்படியும் எடை ஏறல. உயரம் வரல. சரியா?"

"உனக்கு... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"வீட்ல எங்கேயோ தப்பு நடக்குதுன்னாரு. நான் என் பொண்டாட்டியைத்தான் திட்டினேன். கரண்டியை மாத்திட்டியா, தோசைக்கல்லை மாத்திட்டியான்னு... ஒரு நாள் கைகூட ஓங்கிட்டேன்."

"தப்பு அவ பேர்ல இல்லீங்க. பாக்கெட்ல இருக்கு."

"பொய்! வேற கம்பெனிக்காரன் உங்களுக்குச் சொல்லிக் குடுத்து மில்லை மூடப் பாக்கறான்னு முதலாளி சொன்னாரு. மில்லை மூடிட்டா என் பையன் எதைத் தின்பான்? அதுக்குத்தானே நான்... இந்தக் கேவலத்தை..."

"என்னை நம்ப வேணாம். உங்க கையை நம்புவீங்களா? பிசைஞ்ச மாவு மிச்சம் இருக்கா?"

"ஒரு உருண்டை இருக்கு."

"குழாயடிக்குப் போங்க. தண்ணியை மெல்லிசா விடுங்க. உருண்டையை உள்ளங்கைல வச்சு, பிசைஞ்சு பிசைஞ்சு கழுவுங்க. நல்ல மாவுன்னா மொத்தமும் கரைஞ்சு கை காலியாயிடும். கோதுமை இருந்தா காலியாகாது."

குழாய் திறக்கும் சத்தம்.



"பால் மாதிரி போகுது..." என்றான். "கரையுதும்மா! பாத்தீங்களா? கரையுது!"

"கழுவுங்க."

"பாதி போயிடுச்சு! நான்தான் சொன்னேன்ல? முதலாளி அப்படிப்பட்டவர் இல்ல!"

"நிறுத்தாதீங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் கழுவுங்க."

ஒரு நிமிடம்... இரண்டு நிமிடம்... தண்ணீர்ச் சத்தம் மட்டும். பூதக்கண்ணாடிக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே கரைந்துவிட்டால்? கோபத்தில் அவன் என்ன செய்வான்?

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"கைல ஏதாவது இருக்கா?" என்றாள்.

"...இருக்கு."

"எப்படி இருக்கு?"

"சூயிங்கம் மாதிரி. சின்னதா... இழுத்தா நீளுது." உடனே அவசரமாக, "ஒட்டறதுக்கு வேற பசை ஏதாவது சேத்திருப்பாங்கம்மா!"

"வேற பசைன்னா வழவழன்னு வழுக்கிட்டுப் போயிடும். இது ரப்பர் மாதிரி நிக்குதா?"

"நிக்குது."

"அரிசிக்கும் சோளத்துக்கும் இப்படி நீளத் தெரியாதுங்க. அதுதான் கோதுமை. உங்க பையன் குடலை அரிச்சது அதுதான். ரொட்டி உடையாம வந்தாத்தான் விக்கும்னு உங்க முதலாளி கலந்திருக்காரு. அந்த ரிப்போர்ட்டைத்தான் என்னை மாத்தச் சொன்னீங்க. மாத்திட்டேன்!"

ஒரு ஆண்பிள்ளை வாய்விட்டு அழுகிற சத்தம். அதன் நடுவில் வாண்டுவின் குரல், "அழாதீங்க அங்கிள்... இந்தாங்க தண்ணி..."

அப்போது இன்னொரு போன் அடித்தது. அங்கே, அவன் பக்கத்தில்.

"முதலாளி கூப்பிடறாரு..." என்றான். அழுகை பட்டென்று நின்றிருந்தது. "நாலு மணிக்கு வர்றேம்மா. உங்க பொண்ணு மேல ஒரு துரும்பு படாது."

டொக்!

"மில்லுக்கு வண்டியை அனுப்பு!" இன்ஸ்பெக்டர் கத்தினார்.

மூன்றரைக்கு மில்லிலிருந்து தகவல் வந்தது. குடோன் துடைத்துவிட்டாற்போல் காலி. ஒரு மூட்டை இல்லை. முதலாளியும் இல்லை!

"தப்பிச்சுட்டான்!" இன்ஸ்பெக்டர் மேஜையில் குத்தினார். "சாம்பிளைக் கழுவியாச்சு. ரிப்போர்ட் சுத்தம்னு போயாச்சு. டிரைவரோ எவனோ, அவன் வீட்ல இருக்கறது பிரிச்ச பாக்கெட். 'அவனே கலந்திருப்பான்'னு வக்கீல் ஊதித் தள்ளிடுவான். ஆதாரமே இல்லையேம்மா!"

அவளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று ஐம்பத்தாறு. ஒரு டெலிவரி வேன் லேப் வாசலில் கிறீச்சிட்டு நின்றது.

முன்சீட்டிலிருந்து வாண்டு குதித்தாள்!

"அம்மா!"

அவள் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளை வாரி எடுத்து, முகர்ந்து, கைவிரல் காலெல்லாம் தடவிப் பார்த்து, மறுபடி அணைத்துக்கொண்டாள். "பசிக்குதும்மா" என்றது வாண்டு. அதற்கும் அழுதாள்.

டிரைவர் சீட்டிலிருந்து ஒல்லியான ஒரு ஆள் இறங்கினான். கைகளை நீட்டிக்கொண்டு நின்றான்.

அவள் நேராகப் போனாள். பளார்!

அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

"உங்க பையனுக்கு என்ன வயசு?" என்றாள் மூச்சிரைக்க.

"ஏழு."

"ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அந்த மாவுல சுட்டது எதையும் குடுக்க வேணாம்னு சொல்லிட்டீங்களா?"

"வர்ற வழிலேயே பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அவ... ஒண்ணும் பேசலம்மா."

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். "மாமியார் வீட்டுக்குப் போற நேரத்துல நீளமா பேசாதே. உன் முதலாளி எங்கடா ஓடினான்?"

"ஓடலீங்க சார். குடோன்ல இருந்த சரக்கையெல்லாம் ஆத்துல கொட்டணும்னு என்னை வேனோட வரச் சொன்னாரு. ஆளுங்களை நம்பாம அவரே தூக்கி அடுக்கினாரு. கடைசி மூட்டையை வைக்க உள்ள ஏறினப்போ..."

"ஏறினப்போ?"

"கதவைச் சாத்திட்டேன்."

வேனுக்குள்ளிருந்து தம் தம் என்று உதைக்கிற சத்தம்!

ஏட்டம்மா பின்கதவைத் திறந்தாள். நாற்பது மூட்டைகள்! தையல் பிரியாமல், மில் முத்திரையோடு! ஒரே ஒரு மூட்டை மட்டும் வந்த வேகத்தில் கிழிந்திருந்தது. அதன் நடுவிலிருந்து தலை முதல் கால் வரை வெள்ளையாக ஒரு உருவம் தடுமாறிக்கொண்டு எழுந்தது.

"நான் யார் தெரியுமா?" வெள்ளை உருவம் தும்மியது. "இந்த நாய் என்னைக் கடத்திட்டான்! என் மேல என்ன ஆதாரம் இருக்கு உங்ககிட்ட? ரிப்போர்ட் சுத்தம்! மூணு சாம்பிளும் தொட்டில போயாச்சு!"

"அப்படியா சார்?" இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "சாம்பிள் தொட்டில போனது எங்க நாலு பேருக்குத்தான தெரியும்? உங்களுக்கு யார் சொன்னது?"

முதலாளிக்கு வியர்த்துக் கொட்டியதில் முகத்து மாவு பிசுபிசுவென்று பிசைந்துகொண்டது. பதற்றத்தில் கைக்குட்டையை உருவி மூக்குக்குக் கீழே கொண்டு போனார்.

"சார்! சார்!" பூதக்கண்ணாடி கையுறையை மாட்டிக்கொண்டே ஓடி வந்தாள். "மீசையை மட்டும் தொடைச்சுடாதீங்க... அதுதான் முதல் சாம்பிள்!"